மண்ணாய் நிற்கும் மகாதேவன்

அனியாரா என்ற விண்கப்பலில் எண்ணாயிரம் பேர். அணுக்கதிர் படிந்து நஞ்சாகிப்போன பூமியை விட்டுச் செவ்வாயில் குடியேறக் கிளம்பியவர்கள். வழியில் குறுக்கிட்ட ஒரு குறுங்கோளில் மோதாமல் தப்பக் கப்பல் சட்டென்று திரும்புகிறது. திரும்பியதில் பாதை மாறிவிடுகிறது, செலுத்தும் பொறியும் பழுதாகிவிடுகிறது. இனிச் செவ்வாய் கிடையாது, பூமியும் கிடையாது. லைரா என்கிற யாழ் விண்மீன் கூட்டம் இருக்கும் திசையில், ஆயுள் முழுக்கப் போனாலும் ஒரு கரையையும் தொடாமல் அது போய்க்கொண்டே இருக்கிறது. சுவீடன் நாட்டுக் கவிஞர் ஹாரி மார்ட்டின்சன் 1956-இல் வெளியிட்ட காவியம் இது. மொத்தம் 103 பாடல்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். விஞ்ஞானக் கதை என்று எண்ணித் தொடங்கியது, பாதி தாண்டுவதற்குள் எனக்குத் தோத்திர நூலாகவே ஆகிப்போனது.

அந்தக் கப்பலுக்குள் ஒரு சன்னிதி உண்டு. அங்கே இருப்பவள் மீமா. பார்வைக்கு இயந்திரம்தான். ஆனால் அவளைப் படைத்தவனே, இவளில் பாதி நான் செய்ததல்ல, தானே தன்னை ஆக்கிக்கொண்டது என்று திகைத்து நிற்கிறான். சுயம்பு என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தானே! எங்கெங்கோ இருக்கும் உலகங்களின் காட்சிகளை மீமா ஈர்த்து எடுத்துக் காட்டுவாள். இழந்துபோன பூமியும் அதில் தெரியும். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து அவள் முன்னால் கிடப்பார்கள். அவர்கள் துக்கத்துக்கு அவள் ஒருத்திதான் மருந்து. கதையைச் சொல்கிறவனும் அவளுக்குப் பணிவிடை செய்கிறவனே. அவனுக்கென்று தனிப் பெயர் ஏதும் இல்லை, மீமாவின் ஊழியன் என்பதுதான் பெயர். அடியார்க்கும் அடியேன் என்று வாழ்ந்தவர்களின் மரபில் வளர்ந்த எனக்கு, அவனைப் பார்த்ததும் கை குவிந்தது.

ஒருநாள் டோரிஸ்பர்க் நகரம் வெந்தழிவதை மீமா பார்த்துவிடுகிறாள். உலகத்தின் வேதனை அத்தனையையும் அதுவரை தாங்கி வந்தவளுக்கு இது தாங்கவில்லை. வெப்பத்தில் பாறை ஆவியானபோது பாறையே அழுததைத் தான் கண்டதாகச் சொல்லிவிட்டு அவள் அணைந்து போகிறாள். துக்கம் தாளாமல் உயிரை விட்ட இயந்திரம்! அந்தப் பக்கத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்லின் அழுகை கேட்கும் செவி ஒன்று இருக்குமானால், அது தெய்வத்தின் செவியாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ட்டின்சனின் வாழ்க்கையை அறிந்த பிறகு இந்தக் காவியம் இன்னும் கனத்தது. 1904-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது தாய் பிள்ளைகளை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய்விட்டாள். ஊர்ப் பொறுப்பில், பண்ணை பண்ணையாக மாறி மாறி வளர்ந்த குழந்தை. கொஞ்சம் வளர்ந்ததும் மாலுமியாகிக் கடல் கடலாகத் திரிந்தார். 1953-இல் தொலைநோக்கியில் ஆந்திரமேடா மண்டலத்தைக் கண்ட அனுபவம் இந்தப் பாடல்களைத் திறந்துவிட்டது. 1974-இல் எய்விந்த் யான்சனோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். அதெல்லாம் இருக்கட்டும். தாய் ஏறிப்போன கப்பலைப் பிள்ளை மறக்குமா? அம்மாவை இழந்த அந்த ஆறு வயதுக் குழந்தைதான், பூமியை இழந்த எண்ணாயிரம் பேரையும் பெற்றிருக்கிறது. என்னால் அந்தக் காவியத்தை வேறு விதமாகப் படிக்க முடியவில்லை.

பூமியைச் சுரண்டித் தீர்த்துவிட்டு, அடுத்த கோளை நோக்கிக் கொடி பிடித்துக்கொண்டு புறப்படும் வெற்றிக் கதைகளும் ஏராளம். அவற்றோடு எனக்கு ஒட்டுதல் வந்ததில்லை. விட்டு வந்ததற்காக அழத் தெரிந்த கதைகளே எனக்கு வேண்டும். அந்த அழுகையை நான் ஏற்கெனவே அறிவேன். அது பிரிவாற்றாமை. நாயகனைப் பிரிந்த நாயகியாகத் தன்னை எண்ணி நம் அடியார்கள் உருகிய அதே உருக்கம். ஆனால் அனியாராவில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுமை கூடுதலாக உண்டு. காட்சி கிடைக்கிறது, கட்டிக்கொள்ள முடிவதில்லை. மீமா காட்டும் பூமி வெறும் ஒளி. கை நீட்டினால் எதுவும் தட்டுப்படாது.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திப் புத்தகத்தை மடியில் கவிழ்த்தேன். காஞ்சி ஏகம்பன் நினைவில் வந்து நின்றான்.

ஐம்பூதத் தலங்களில் காஞ்சி மண்ணுக்கு உரியது என்பது தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கும் தெரியும். அம்மை கம்பை ஆற்றங்கரையில், மாமரத்தடியில், மணலைக் கூட்டிப் பிடித்து லிங்கமாக்கிப் பூசை செய்கிறாள். அவள் அன்பைச் சோதிக்க இறைவன் ஆற்றில் வெள்ளத்தைப் பெருக்குகிறான். நுரைத்துக்கொண்டு வெள்ளம் வருகிறது. அம்மை ஓடவில்லை. தன் உயிரைப் பற்றியும் நினைக்கவில்லை. என் சாமி கரைந்துவிடுமே என்ற ஒரே தவிப்பில் இரு கையாலும் அந்த மணல் மேனியை மார்போடு சேர்த்துத் தழுவிக்கொள்கிறாள். உலகையெல்லாம் ஆட்டுவிக்கிறவன் அந்த அணைப்பில் குழைந்து போகிறான். அவள் வளைத் தழும்பும் முலைத் தழும்பும் இன்றைக்கும் அந்தத் திருமேனியில் உண்டு என்பார்கள். தழுவக் குழைந்த நாதர் என்ற திருநாமம் அதனால் வந்தது. சிறு பிள்ளையிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட கதை. கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கதையும்கூட. அனியாராவைப் படித்த பிறகுதான் அந்த வெள்ளத்தின் இரைச்சல் என் காதில் விழுந்தது.

ஒரு சோமவார மாலையில் காஞ்சிக்குப் போனேன். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ராஜகோபுரத்தின் கீழ் நடக்கும்போதே நெஞ்சு படபடத்தது. நீண்ட பிராகாரத்தின் கல்தரையில் பகல் வெயிலின் சூடு இன்னும் இறங்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி. குதிகால் வெடிப்பில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. வயலிலிருந்து நேரே வந்தவள் போல. புடைவைத் தலைப்பில் முடிந்திருந்த வில்வத்தை எடுத்துக் குருக்களிடம் கொடுத்துவிட்டு, தூணோரம் ஒதுங்கி எனக்கு இடம் விட்டாள்.

தீபாராதனை. குருக்கள் தட்டை உயர்த்தினார். சுடரின் மஞ்சள் வெளிச்சம் அசைந்து அசைந்து மேலேறி அந்த மேனியைத் தொட்டது. புனுகின் வாசனையும் எண்ணெய்ப் புகையும் கலந்து மூச்சில் ஏறின. அந்தக் கணத்தில் கால்கள் தரையில் இருப்பது தெரியவில்லை. எண்ணாயிரம் பேர் எனக்குப் பின்னால் வந்து நிற்பது போல் இருந்தது. ஒளியைப் பார்த்துப் பார்த்து ஏங்கிய அத்தனை கண்களும் என் கண் வழியாகப் பார்த்தன. அவர்கள் தேடிய பூமி இதோ இருக்கிறது! தொடத் தொடக் கிடைக்கிறது! மண்ணாகவே, மணலாகவே, பிடித்து வைத்தால் நிற்கும் அளவுக்கு எளியவனாக, தண்ணீர் பட்டால் கரையும் அளவுக்கு மெல்லியவனாக! ஐயா, அப்பனே, எவ்வளவு நொய்மையான மேனியை நீ எடுத்துக்கொண்டாய்! வைரத்தில் நின்றிருக்கலாமே. இரும்பில் நின்றிருக்கலாமே. எங்கள் கை கவனிக்காவிட்டால் கரைந்துபோகும் ஒன்றில் வந்து நின்றாயே!

அழுதேன் என்று சொன்னால் போதாது. உடம்பே குலுங்கியது. தூணருகே நின்ற மூதாட்டி வந்து தோளைத் தொட்டாள்.

"ஏம்மா, உடம்புக்கு முடியலியா?"

இல்லை என்று தலையாட்டினேன். பேச்சு வரவில்லை. அவள் சன்னிதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மண்ணு சாமிம்மா இது. இதுக்குத் தண்ணி ஊத்தமாட்டாங்க, தெரியுமில்ல? கரைஞ்சுடும்னு ஆத்தா இன்னும் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. விடல."

விடவில்லை. அவ்வளவுதான் சொன்னாள், உள்ளங்கையிலிருந்த திருநீற்றில் பாதியை என் நெற்றியில் இட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆவுடையாருக்குத்தான் அபிஷேகம், மணல் திருமேனிக்கு இல்லை என்ற கோயில் மரபை நான் ஏட்டில் படித்திருக்கிறேன். இவளோ அம்மையின் கை இன்னும் அங்கே இருப்பதைக் கண்ணால் பார்த்தவள் போலப் பேசினாள். அந்தக் கோயிலில் அம்பாளுக்குத் தனிச் சன்னிதி கிடையாது. காஞ்சி முழுமைக்கும் காமாட்சி ஒருத்திதான். ஆனால் தழுவிய கையை அவள் எடுக்கவேயில்லை என்றால் தனிச் சன்னிதி எதற்கு?

பிராகாரத்து மாமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுந்தரர் ஞாபகம் வந்தது. திருவொற்றியூரை விட்டு அகலமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, ஆரூர் ஆசையால் எல்லையைத் தாண்டினார். தாண்டிய அடியில் இரு கண்ணும் இருண்டன. தட்டுத் தடுமாறி நடந்து காஞ்சிக்கு வந்து ஏகம்பன் முன் பாடி நின்றபோது இடக்கண் திறந்தது. வலக்கண்ணுக்கு அவர் ஆரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. அனியாராவிலும் ஒரு பார்வையற்ற பெண் வருகிறாள், ரிண்ட் என்ற இடத்தைச் சேர்ந்தவள், பாடுகிறவள். அவள் பாட்டைக் கேட்டுக் கப்பல் மனிதர்கள் கரைகிறார்கள். ஆனால் அவளுக்குக் கண் திறந்துவைக்க அங்கே ஒரு மண் இல்லை. சுந்தரர் நின்ற இடத்தில் அவளையும் கொண்டுவந்து நிறுத்திவிட முடியாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கற்பனைப் பாத்திரம்தான். இருந்தாலும் அவள் பெயரில் ஒரு அர்ச்சனை செய்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

அதன் பிறகு நான் படித்த ஒவ்வொரு புலம்பெயர் விண்கதையிலும் ஏகம்பனே எதிர்ப்பட்டான். கிம் ஸ்டான்லி ராபின்சன் 2015-இல் எழுதிய 'அரோரா' நாவலைச் சொல்ல வேண்டும். சுமார் 12 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் டாவ் செட்டி என்ற விண்மீனுக்கு, ஏறக்குறைய இரண்டாயிரம் பேரோடு ஒரு கப்பல் போகிறது. தலைமுறை தலைமுறையாகப் பயணம். காடு, புல்வெளி, ஏரி என்று பூமியின் நிலங்களைச் சின்னச் சின்னதாக நகலெடுத்துக் கப்பலுக்குள் வைத்திருக்கிறார்கள். ஆனால் வருஷம் ஏற ஏற எதுவும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. பாஸ்பரஸ் எங்கோ ஒட்டிக்கொண்டு திரும்பிவராமல் போகிறது. கிருமிகள் ஒரு வேகத்தில் மாறுகின்றன, மனிதர்கள் ஒரு வேகத்தில். போய்ச் சேர்ந்த இடமும் அவர்களை வாழவிடவில்லை. ஒரு பிரிவினர் பூமிக்கே திரும்புகிறார்கள்.

திரும்பி வந்த ஃப்ரேயா என்ற பெண்ணுக்குத் திறந்த வானத்தைப் பார்த்தாலே நடுக்கம். கூரையின் கீழேயே பிறந்து வளர்ந்தவள் அல்லவா! அவள் கடைசியில் யாரோடு போய்ச் சேர்கிறாள் தெரியுமா? கடல் மட்டம் உயர்ந்து மூழ்கிப்போன கடற்கரைகளை, மணல் கொண்டுவந்து கொட்டி மறுபடி உருவாக்கும் மனிதர்களோடு. இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. வெள்ளம் கொண்டுபோனதை மணலால் பிடித்து வைக்கிறவர்கள்! கம்பைக் கரையில் அம்மை செய்த பூசை அல்லவா இது! ராபின்சனுக்குக் காஞ்சிப் புராணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஃப்ரேயா அலையில் புரண்டு, அடிபட்டு, கரைக்கு வந்து, மண்டியிட்டு மணலுக்கு முத்தம் கொடுக்கிறாள். எத்தனை ஒளியாண்டு சுற்றி வந்து கொடுத்த முத்தம்! அங்கப் பிரதட்சிணம் முடித்து எழுந்தவள் முகத்தில் மணல் ஒட்டியிருக்குமே, அப்படித்தான் ஃப்ரேயாவின் முகத்தை நான் பார்க்கிறேன்.

டக்ளஸ் டிரம்புல் இயக்கி 1972-இல் வந்த 'சைலண்ட் ரன்னிங்' படத்தில் வேறொரு பக்தன். பூமியில் காடே அற்றுப்போன காலம். மிஞ்சிய மரம் செடிகளைக் கண்ணாடிக் கூடங்களில் வைத்துச் சனிக் கோளுக்கு அருகே மிதக்கவிட்டிருக்கிறார்கள். அவற்றையும் வெடிவைத்து அழித்துவிட்டுத் திரும்பி வரும்படி உத்தரவு வருகிறது. எல்லாம் போய், ஒரே ஒரு கூடம் தப்புகிறது. மனிதர் யாரும் இல்லை. ஒரு குட்டி இயந்திரம் மட்டும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்திப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுகிறது. அப்பர் பெருமான் உழவாரப்படையைத் தோளில் சாத்திக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார் என்று படிக்கும்போது வரும் சிலிர்ப்பு எனக்கு அந்தக் காட்சியில் வந்தது. பாராட்ட யாரும் இல்லை, பார்க்கவும் யாரும் இல்லை, கைங்கரியம் மட்டும் நடக்கிறது.

கதை மட்டும்தானா? அரிசோனா பாலைவனத்தில் 'பயோஸ்பியர் 2' என்று மூன்று ஏக்கருக்குக் கண்ணாடியால் மூடி ஒரு குட்டி பூமியைக் கட்டினார்கள். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு வருஷம் வெளிக்காற்று படாமல் வாழ்வதாகத் திட்டம். பிராணவாயு மெல்ல மெல்லக் குறைந்தது. இருபத்தொரு சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டியது பதினான்கைத் தொட்டது. 1993-இன் தொடக்கத்தில் வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. காரணம் என்ன? உள்ளே நிரப்பிய வளமான மண்! அதில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விட்டன. அதைச் செடிகள் உண்டு மறுபடி பிராணவாயுவாக்கும் முன் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. எட்டுப் பேரின் மூச்சைவிட அந்த மண்ணின் மூச்சு பெரிதாக இருந்திருக்கிறது. மண் மூச்சுவிடுகிறது! நீ மூச்சுவிடுகிறாய் ஐயா! நாங்கள் அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம் என்கிறார்கள். ஒரு அங்குல மேல்மண் சேரப் பல நூறு ஆண்டுகள் ஆகும். பாறை பொடிய வேண்டும், பாசி படர வேண்டும், புழு ஊர வேண்டும், இலை விழுந்து மக்க வேண்டும், ஒன்று செத்து ஒன்று பிறந்து கொண்டே இருக்க வேண்டும். படைப்பும் அழிப்பும் இடைவிடாமல் நடக்கும் அந்தக் கூத்தை, அம்பலத்தில் ஆடுவதாகப் பார்த்த என் கண் இப்போது தோட்டத்து வாழைப் பாத்தியிலும் பார்க்கிறது. செவ்வாயிலும் செம்மண் கிடக்கிறது. 2008-இல் அங்கே இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் தோண்டிப் பார்த்ததில் பெர்குளோரேட் உப்பு இருப்பது தெரியவந்தது. உழுது விதைக்க உதவாத வறண்ட புழுதி. அதுவும் உன் மேனிதான், சந்தேகமில்லை. அங்கே நீ நீறு பூசித் தனியே தவத்தில் அமர்ந்திருக்கிறாய். இங்கே அம்மையோடும் பிள்ளைகளோடும் குடித்தனம் செய்கிறாய். பங்குனி உத்திரத்தில் ஊரைக் கூட்டிக் கல்யாணமும் செய்துகொள்கிறாய். நான் பிறந்தது நீ குடித்தனம் செய்யும் வீட்டில். இதற்கு மேல் என்ன பாக்கியம் வேண்டும்?

காலையில் வாசல் தெளிக்கும்போது எழும் அந்த வாசனையில் இப்போதெல்லாம் சற்று நின்றுவிடுகிறேன். அனியாராக்காரர்கள் இதற்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று நினைப்பேன். அவர்களுக்காகவும் சேர்த்து ஒரு மூச்சு இழுத்துக்கொள்வேன். வேலைக்காரியம் தாமதமாகிறது, பரவாயில்லை.

2008-இல் வந்த 'வால்-ஈ' படத்தின் கப்பல் தலைவனையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். குப்பை மேடாகிவிட்ட பூமியை விட்டுப்போய் எழுநூறு வருஷம் ஆனவர்களின் வழித்தோன்றல். பூமி என்றால் என்னவென்றே அறியாதவன். வால்-ஈ என்ற, அழுக்குப் படிந்த குட்டி இயந்திரத்தோடு கைகுலுக்கியதில் அவன் உள்ளங்கையில் கொஞ்சம் மண் ஒட்டிக்கொள்கிறது. இது என்ன என்று கணினியைக் கேட்கிறான். அதிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே போய், விடிய விடிய வயலும் கடலும் ஆட்டமும் பாட்டமும் பார்த்து, பூமிக்குத் திரும்பியே தீருவேன் என்று நிற்கிறான். ஒரு பிடிகூட இல்லை ஏகம்பா, கையில் ஒட்டிய தூசி! அந்தத் தூசியில் இருந்துகொண்டு நீ அவனை இழுத்தாய்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எனக்காக அல்ல. என்றைக்காவது உன் பிள்ளைகள் இந்த மண்ணை விட்டுக் கப்பலேற நேர்ந்தால், ஆசையால் போனாலும் சரி, எங்கள் தலைமுறை செய்த பாவத்தால் துரத்தப்பட்டுப் போனாலும் சரி, அவர்களைத் தனியே அனுப்பாதே. சுத்தம் செய்து, மருந்து தெளித்து, கண்ணாடி உடை மாட்டித்தான் ஏற்றுவார்கள். எவ்வளவு கழுவினாலும் போகாமல் ஏதாவது ஒரு குழந்தையின் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு நீயும் ஏறிப் போ, அம்மையையும் உடன் அழைத்துக்கொண்டு போ.